உளுந்தூர்பேட்டையில் வாங்கிய கோல்

சடையா, என் கோல்கீப்பரே,

நீ போன பிறகு வந்த சேதி இது. கள்ளக்குறிச்சியில் நாம் படித்த கல்லூரியின் கால்பந்து அணிக்கு நினைவு மலர் ஒன்று அச்சிடுகிறார்கள். பத்திரிகையில் இருந்தவன் என்பதால், அணியின் வரலாற்றை எழுதும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. உளுந்தூர்பேட்டை ஆட்டத்தைச் சொன்னதும் மலர்க்குழுத் தலைவர் முகம் சுளித்தார்.

"தோத்த மேட்ச் எதுக்கு சார்? அதுவும் அந்தப் போராட்ட சமயத்துல. வேணாம் சார்."

உனக்கு மறந்திருக்காது. இட ஒதுக்கீடு கேட்டுச் சாலையெங்கும் மரங்களை வெட்டிப் போட்டிருந்த வாரம். பஸ் இல்லை. ஆட்டத்துக்கு வராத அணியைப் பல்கலைக்கழகப் போட்டிகளிலிருந்தே நீக்கிவிடுவோம் என்று சொல்லியிருந்தார்கள். போகாவிட்டால் நமக்கு அணியே இல்லை. "சைக்கிள் கீதில்ல, மெதிங்கடா" என்றாய். கிடைத்த சைக்கிள்களில் கிளம்பினோம்.

தியாகதுருகம் தாண்டி ஒரு புளியமரம் குறுக்கே கிடந்தது. அதன்மேல் உட்கார்ந்திருந்த தலைப்பாகைக்காரர் கேட்டார்: "இதுல நம்ம ஆளுங்க எத்தினி பேரு? அவங்க மட்டும் போங்க."

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். கல்வராயன் மலைப் பழங்குடியிலிருந்து வந்தவன் நீ ஒருவன்தான்; அவர் கேட்ட சாதியில் நீ நிச்சயம் இல்லை. நீதான் வாயைத் திறந்தாய்.

"அல்லாரும் ஒரே ஜாதிதாங்க. கோல் வாங்குற ஜாதி."

அவர் சிரிப்பை அடக்கப் பார்த்தார். முடியவில்லை. "எத்தினி வாங்குவீங்க?"

"கம்மியா வாங்கினு வரோங்க."

"வுடு, வுடு. போவட்டும்." அவரே உன் சைக்கிளைத் தூக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் வைத்தார்.

ஆட்டம் முடியப் போகும் வரை இரண்டு பக்கமும் கோல் இல்லை. அப்போது நம் கோலை நோக்கிப் பந்து உயரமாக வந்தது. சாமைக் காட்டில் பன்றி விரட்டிப் பழகிய குரலில் நீ "வுடு!" என்று கத்தினாய். பந்தைத் தொடாதே, நான் பிடித்துக்கொள்கிறேன் என்ற அர்த்தத்தில் நீ சொன்னாய். ஓங்கி ஒன்று வுடு என்று என் காதில் விழுந்தது. உதைத்தேன். காலில் சறுக்கிய பந்து உன் தலைக்கு மேலாக நம் வலைக்குள்ளேயே போனது.

"வுடுன்னேனேடா!"

"வுட்டேனேடா!"

திரும்பும் வழியெல்லாம் அதே சண்டை. புளியமரத்துக்காரர் அங்கேயே இருந்தார். "இன்னா ஆச்சு?"

"கம்மிதாங்க. ஒண்ணே ஒண்ணு. அதையும் நம்ம ஆளுதாங்க போட்டான்" என்று என்னைக் காட்டினாய். அவர் சிரித்ததில் தலைப்பாகை அவிழ்ந்தது.

தோற்றோம். ஆனால் போய் ஆடியதால் அணி பிழைத்தது. அன்றிலிருந்து கோல்கீப்பர் "வுடு" சொல்லக்கூடாது, பந்து என்னுடையது என்பதற்கு "என்து" என்றுதான் சொல்லவேண்டும் என்று விதி போட்டாய். போன வாரம் மைதானத்துக்குப் போனேன். இப்போதைய கோல்கீப்பர் "என்து! என்து!" என்று கத்திக்கொண்டே பந்தை அணைக்கிறான். ஏன் அப்படி என்று கேட்டேன். "தெரியல சார், இங்க அப்பிடித்தான்" என்றான். அவனிடம் எங்கிருந்து தொடங்குவது, சொல்?

தப்பு உன் வாயிலா, என் காதிலா? கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோதும் நீ விட்டுக்கொடுக்கவில்லை. நானும் கொடுக்கவில்லை. இன்றும் கொடுக்க மாட்டேன்.

ஆனால் ஒரு வாக்கு. அந்த ஆட்டம் இல்லாமல் வரலாற்றை அவர்களிடம் கொடுக்க மாட்டேன். உன் கட்சியை, நீ சொன்ன அதே வார்த்தைகளில், என் கட்சிக்கு முன்னால் எழுதுவேன்.

அன்று நீ கைகாட்டிய அதே
நம்ம ஆளு,
கொளஞ்சி