மூன்றில் ஒன்று

செப்டம்பர் 3, புதன்

கணக்கு சார் ஏணியிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டார். வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு மூடி போட ஏறினாராம். இரண்டு மாதம் படுக்கை. விழுந்தது அவர், இடி இறங்கியது என் தலையில். எட்டாம் வகுப்புக் கணக்கு இனி என் பொறுப்பு.

"உங்களுக்குத்தான் பீரியட் கம்மி. புத்தகத்தைப் பார்த்து நடத்துங்க போதும். எட்டாம் கிளாஸ் கணக்குதானே" என்றார் தலைமையாசிரியை.

இருபத்திரண்டு வருடமாக மொழிப்பாடம் நடத்துகிறவள் நான். பள்ளியில் கணக்குக்கு நான் வாங்கியது முப்பத்தாறு, அதுவும் பக்கத்து பெஞ்சுக்காரி புண்ணியத்தில். அதைச் சொல்லியிருக்கலாம். ஆசிரியர் அறையில் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "சரி மேடம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

நிகழ்தகவு. பாடத்தின் பெயரைப் பார்த்துப் பயந்துபோனேன், உள்ளே போனால் வெறும் பூவா தலையா. ஒரு நாணயத்தைச் சுண்டினால் தலை விழலாம், பூ விழலாம். முடிவு இரண்டு. தலை விழ இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு. பிள்ளைகளுக்குப் பட்டென்று புரிந்தது. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு நானே ஒரு கணக்குப் போட்டேன். இரண்டு நாணயத்தைச் சேர்த்துச் சுண்டினால்? இரண்டும் தலை, இரண்டும் பூ, ஒன்று தலை ஒன்று பூ. முடிவு மூன்று. ஆகவே இரண்டும் தலையாக விழ மூன்றில் ஒன்று.

ஜன்னலோரத்துப் பெண் கையைத் தூக்கினாள். சலவைக் கடையில் துணி தேய்க்கிறவரின் மகள். கணக்கில் எப்போதும் முதல், கணக்கு சாரின் செல்லம்.

"நாலில் ஒண்ணு டீச்சர்."

"எப்படி?"

"ஒண்ணு உங்க காசு, ஒண்ணு என் காசுன்னு வெச்சுக்கலாம். உங்களுது தலை, என்னுது பூ விழலாம். என்னுது தலை, உங்களுது பூவும் விழலாம். அது ரெண்டு தனித்தனி டீச்சர்."

"யார் காசா இருந்தா என்ன? கீழ விழுந்தா ஒண்ணு தலை ஒண்ணு பூ. அவ்வளவுதானே?"

"இல்ல டீச்சர், அது வந்து..."

"கால்வாசி கவனிச்சா கால்வாசிதான் புரியும். உக்காரு."

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. மதியம் ஆசிரியர் அறையில் அதை நடித்துக் காட்டினேன், அங்கேயும் சிரித்தார்கள். என் நாக்குக்கு இந்தப் பள்ளியில் தனி மதிப்பு உண்டு.

செப்டம்பர் 11, வியாழன்

அந்தப் பெண்ணைப் பிள்ளைகள் 'கால்வாசி' என்று கூப்பிடுகிறார்கள். "ஏய் கால்வாசி, பந்தைப் போடு." மாடிப்படியில் காதில் விழுந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு போனேன்.

செப்டம்பர் 17, புதன்

நேற்று வைத்த தேர்வைத் திருத்தி முடித்தேன். நாற்பத்தொரு தாள், இருபத்தைந்து மதிப்பெண். இரண்டு நாணயக் கணக்கை இரண்டு மதிப்பெண்ணுக்குக் கொடுத்திருந்தேன். நாற்பது பேர் நான் சொன்னபடி எழுதியிருக்கிறார்கள். அவள் மட்டும் தலை-தலை, தலை-பூ, பூ-தலை, பூ-பூ என்று நான்கையும் வரிசையாக எழுதி, கீழே நான்கில் ஒன்று என்று போட்டு, அதைச் சுற்றிப் பெட்டி கட்டியிருக்கிறாள். என்ன திமிர்! தாள் கிழிகிற மாதிரி சிவப்பில் அடித்தேன்.

பள்ளிகளுக்கிடையேயான கணக்குப் போட்டிக்கு இந்த மதிப்பெண்ணை வைத்துத்தான் இரண்டு பேரை அனுப்புகிறார்கள். வகுப்புத் தலைவி இருபத்தைந்து. பல் டாக்டர் மகன் இருபத்து நான்கு. அவள் இருபத்து மூன்று. பட்டியலை எழுதி தலைமையாசிரியை மேஜையில் வைத்துவிட்டேன். திங்கட்கிழமை அனுப்புவார்.

செப்டம்பர் 20, சனி

எங்கே தொடங்குவது.

திங்கட்கிழமை பாடத்துக்காக அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். செய்து பார்ப்போம் என்று ஒரு கட்டம். இரண்டு நாணயங்களை நூறு முறை சுண்டி அட்டவணை நிரப்ப வேண்டும். மதியச் சாப்பாடு முடிந்து வேலையில்லாமல் இருந்தேன். கட்டில் மேல் உட்கார்ந்து சுண்டினேன்.

இரண்டும் தலை 26. இரண்டும் பூ 23. ஒன்று தலை ஒன்று பூ 51.

காசு சரியில்லை என்று நினைத்தேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன்! இவர் சட்டைப் பையிலிருந்து வேறு இரண்டு காசு எடுத்து மறுபடி நூறு. 24, 27, 49.

இவர் பக்கத்தில் உட்கார்ந்து கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். "என்ன, வீட்டுலயே சூதாட்டமா?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். லிஃப்ட் மெக்கானிக், எதையும் லிஃப்டில் கொண்டுபோய் நிறுத்துவார். நகவெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "ரெண்டு லிஃப்ட் இருக்கற கட்டடத்துலேர்ந்து போன் வருது. ஒண்ணு ஓடுது, ஒண்ணு ரிப்பேர்ங்கறாங்க. எதுன்னு நான் கேட்க மாட்டேனா? இடது ரிப்பேர்ங்கறது ஒண்ணு, வலது ரிப்பேர்ங்கறது இன்னொண்ணு. அது ரெண்டு சங்கதிம்மா. அதான் ரெண்டு மடங்கு வருது."

அந்தப் பிள்ளை இதைத்தான் சொன்னாள். இதையேதான் சொன்னாள். நான் கேட்டேனா?

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. தெரியாதது குற்றமில்லை, சரி. தெரியாமலே அத்தனை தைரியமாகப் பேசினேனே, அதற்கு என்ன பேர்? அந்தத் தாளில் அவள் கட்டிய பெட்டியைத் திமிர் என்று எழுதியிருக்கிறேன், இதே நோட்டில், மூன்று நாள் முன்னால். திருத்திக் கூட்டிப் பார்த்தேன். அவளுக்கு இருபத்தைந்து. தலைவிக்கு இருபத்து மூன்று. பல் டாக்டர் மகனுக்கு இருபத்திரண்டு. போட்டிக்குப் போக வேண்டியவளை நான் உட்கார வைத்திருக்கிறேன்.

திங்கட்கிழமை பட்டியல் போவதற்குள் சொல்லிவிட வேண்டும். சொல்லிவிடுவேன்.

செப்டம்பர் 22, திங்கள்

முதல் மணிக்கு முன்பே தலைமையாசிரியை அறைக்குப் போனேன். பட்டியல் அவர் முன்னால்தான் இருந்தது. பேனா மூடியைத் திறந்துகொண்டிருந்தார். பக்கத்தில் கிளார்க் நின்றுகொண்டிருந்தார், ஊருக்கெல்லாம் ஒலிபெருக்கி அவர்.

"என்ன விஷயம்?"

நாக்கு ஒட்டிக்கொண்டது. பெரிய நாக்கு!

"சாக்பீஸ் தீர்ந்துபோச்சு மேடம்."

ஒரு பெட்டி எடுத்துக் கொடுத்தார். பட்டியலில் கையெழுத்தும் போட்டார். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

செப்டம்பர் 23, செவ்வாய்

இன்றும் சொல்லவில்லை. பெயரை மாற்ற இன்னும் நேரம் இருக்கிறது என்று கிளார்க் யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. விழாதது போலப் போனேன்.

செப்டம்பர் 29, திங்கள்

நாணயம் சுண்டும் பக்கத்தைத் தாண்டிவிட்டேன். "இதெல்லாம் பரீட்சைக்கு வராது, விடுங்க" என்றேன். அவள் அந்தப் பக்கத்தைத்தான் திறந்து வைத்திருந்தாள். என்னைப் பார்த்தாள், புத்தகத்தைப் பார்த்தாள், பிறகு எல்லோரையும் போலப் பக்கத்தைத் திருப்பினாள். கை தூக்கவில்லை. யோசித்துப் பார்த்தால், அன்றைக்குப் பிறகு அவள் கை தூக்கவே இல்லை. மொழிப்பாடத்திலும் இல்லை.

அக்டோபர் 4, சனி

இன்று போட்டி. நான் நாள் முழுக்க வீட்டைக் கழுவினேன். சுத்தமாக இருந்த இடத்தையும் கழுவினேன்.

அக்டோபர் 8, புதன்

பருவத் தேர்வுத் தாள்கள். கேள்வித்தாளும் விடைக்குறிப்பும் வெளியிலிருந்து வந்தவை. ஒன்பதாவது கேள்வி: இரண்டு நாணயங்களைச் சுண்டும்போது இரண்டும் தலையாக விழ நிகழ்தகவு என்ன? விடைக்குறிப்பில் நான்கில் ஒன்று.

நாற்பத்தொரு தாளிலும் மூன்றில் ஒன்று. அழகழகான கையெழுத்தில் என் தப்பு.

அவள் தாளைக் கடைசியில் எடுத்தேன். நான்கில் ஒன்று என்று எழுதி, அதை ஸ்கேல் வைத்து ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் மூன்றில் ஒன்று என்று எழுதியிருக்கிறாள்.

தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். வேறென்ன செய்ய?

தலைமையாசிரியை எட்டிப் பார்த்தார். "அத்தனை பேருமா தப்பு? சரி விடுங்க, பிள்ளைங்க கவனிக்கலைன்னு எழுதிடுங்க. நீங்க தற்காலிகப் பொறுப்புதானே, உங்க மேல எதுவும் வராது" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார்.

அக்டோபர் 9, வியாழன்

இடைவேளையில் அவளை வராந்தாவுக்குக் கூப்பிட்டேன். தாளைக் காட்டினேன்.

"முதல்ல எழுதினதுதானே சரி. உனக்குத் தெரியும்தானே? ஏன்மா மாத்தின?"

அவளுக்குக் கோபமே இல்லை. நான் ஏன் இதைக் கேட்கிறேன் என்று புரியாத மாதிரி பார்த்தாள்.

"நீங்கதானே டீச்சர் திருத்துவீங்க."

அவ்வளவுதான். மணி அடித்தது, போய்விட்டாள்.

ஐயோ, நான் என்ன சொல்லிக் குடுத்திருக்கேன் இந்தப் புள்ளைக்கு. கணக்கு போகட்டும். கணக்கை எவன் வேணும்னாலும் வந்து சொல்லிக் குடுப்பான். தெரிஞ்சதை அடிச்சுட்டு எனக்குப் பிடிச்சதை எழுதணும்னு கத்துக்கிட்டாளே, அதை யாரு வந்து அழிக்கறது? நான்தானே சொல்லிக் குடுத்தேன். ஒரே ஒரு பீரியட்டில். சிரிக்க வெச்சே.

நாளைக்குச் சொல்கிறேன். கிளார்க் இருந்தாலும் சரி, ஊரே இருந்தாலும் சரி.

அக்டோபர் 10, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

வகுப்பில் போர்டில் நான்கு முடிவையும் எழுதினேன். எழுத்து கோணி மேலே ஏறியது. "நான் உங்களுக்குத் தப்பா சொல்லிக் கொடுத்தேன். அன்னைக்கு இவ சொன்னதுதான் சரி. எனக்கு அது மூணு வாரமா தெரியும். தெரிஞ்சும் வாயைத் திறக்கல. அவளை நான் கிண்டல் பண்ணினதும் தப்பு, அந்தப் பேரைச் சொல்லி இனிமே யாரும் கூப்பிடக் கூடாது" என்றேன். அவளிடம் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன்.

வானம் இடிந்து விழும் என்று நினைத்திருந்தேன். வகுப்புத் தலைவி எழுந்து, "அப்போ எங்க ரெண்டு மார்க்கு போயிடுமா டீச்சர்?" என்று கேட்டாள். பல் டாக்டர் மகன், "போட்டியில இதே கேள்வி வந்துச்சு டீச்சர். மூணில் ஒண்ணுன்னு எழுதிட்டேன்" என்றான். குறையாகக்கூடச் சொல்லவில்லை, தகவல் சொல்கிற மாதிரி சொன்னான்.

அவள், "பரவால்ல டீச்சர்" என்றாள். கடையில் சில்லறை இல்லை என்றால் நாம் சொல்வோமே, அந்தப் பரவால்ல.

தலைமையாசிரியையிடமும் போனேன். முழுக்கக் கேட்டுவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்போ அன்னைக்கு நீங்க சாக்பீஸுக்காக வரலையா?" என்றார். இல்லை என்று தலையாட்டினேன். போட்டி முடிந்துவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது, அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார். எழுத்தில் ஒரு விளக்கம் கேட்டிருக்கிறார். கொடுக்கிறேன்.

அக்டோபர் 11, சனி

சலவைக் கடைக்குப் போனேன். அவள் அம்மா ஒரு வெள்ளைச் சட்டையின் காலரைத் தேய்த்துக்கொண்டிருந்தார். துணி வாங்க வந்திருப்பதாக நினைத்து ரசீதுக்குக் கை நீட்டினார். இல்லை என்று சொல்லி, நடந்ததை நடந்தபடி சொன்னேன். நீராவியில் எனக்கு முகம் வேர்த்துக் கொட்டியது.

கேட்டுக்கொண்டே சட்டையை மடித்தார். "இருபத்து மூணுன்னு தாளைக் கொண்டு வந்தப்போ, டீச்சர்தான் தப்பா போட்டிருக்காங்கன்னு சொன்னா. டீச்சரையே குத்தம் சொல்றியான்னு ஓங்கி ஒண்ணு வெச்சேன்" என்றார். "அவ அழுவலை. அதான் எனக்கு இன்னும் கோவம் வந்துச்சு."

அவர் அடுத்த சட்டையை எடுத்து விரித்தார்.

"அவகிட்ட நானும் சொல்லணும்" என்றார், என்னைப் பார்க்காமல்.

அக்டோபர் 15, புதன்

ஆசிரியர் அறைக்கு விஷயம் வந்துவிட்டது. நான் உள்ளே போனதும் பேச்சு நின்றது. டீ ஆறிப்போகும்வரை குனிந்தே உட்கார்ந்திருந்தேன்.

அக்டோபர் 27, திங்கள்

விளக்கக் கடிதத்துக்குப் பதில் வந்தது. கண்டிக்கப்படுகிறேனாம். படித்ததும் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது, அதுவும் வெட்கமாக இருந்தது. வகுப்பில் அவள் இன்னும் கை தூக்கவில்லை. கேட்டால் சொல்கிறாள், நான் என்ன எதிர்பார்க்கிறேன் என்று முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறாள்.

நவம்பர் 4, செவ்வாய்

கணக்கு சார் கைத்தடியோடு திரும்பி வந்துவிட்டார். எனக்கு மூன்றாவது பீரியட் சும்மாதான். அவரிடம் அனுமதி கேட்டு எட்டாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். பிள்ளைகள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். முழங்கால் டெஸ்க்குக்கு அடியில் நுழையவில்லை.

சார் இரண்டு பகடைகளை உருட்டச் சொன்னார். ஒன்றிலாவது ஆறு விழ வாய்ப்பு என்ன? மொத்தம் முப்பத்தாறு முடிவு என்று எழுதிவிட்டு, "கடைசி பெஞ்சும் சொல்லலாம்" என்றார். நானும் விரல் விட்டு எண்ணினேன். முதல் பகடையில் ஆறு விழுந்தால் ஆறு விதம், இரண்டாவதில் ஆறு விழுந்தால் ஆறு விதம்.

"முப்பத்தாறில் பன்னிரண்டு சார்" என்றேன்.

சார் மற்றவர்களைப் பார்த்தார். ஜன்னலோரத்தில் அவள் முழுக்கத் திரும்பினாள். முகம் சிவந்திருந்தது. கை பாதி தூரம் மேலே வந்து நின்றது, பிறகு முழுக்கத் தூக்கினாள்.

"தப்பு டீச்சர். ரெண்டுலயும் ஆறு விழறதை ரெண்டு தடவை எண்ணிட்டீங்க. பதினொண்ணுதான் வரும்."

வகுப்பு சிரித்தது. எனக்குக் காது சுட்டது, இன்னும் ஒருமுறை எண்ணிப் பார்த்தேன், பதினொன்றுதான். "ஆமாம்மா" என்று சொல்லி நோட்டில் எழுதினேன். சார் அடுத்த கணக்குக்குப் போய்விட்டார். அவள் மட்டும் போர்டுப் பக்கம் திரும்பாமல், நான் சரியாக எழுதுகிறேனா என்று கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.