ஹெல்ம்ஸ்மேன் கட்டத்தில் என் பெயர்

ஆகஸ்ட் 6, 1979. திங்கள்

காலையிலிருந்து மேல்காற்று. புத்தூர் முழுக்கப் புழுதி. காவிரியில் தண்ணீர் நிறைய. படகு கிளப்பில் பயிற்சி, நாலரை முதல் ஆறு. காக்கிப் பேண்ட் துவைக்கவில்லை. அம்மா: "இதைப் போட்டுட்டு தெருவுல நடந்துடாதே!"

துடுப்புப் போடும் ஆறு பெண்களும் பின்பக்கம் பார்த்துத்தான் உட்கார்வார்கள். போகிற வழி தெரியாது. கடைசியில் சுக்கான் பிடித்துப் படகைத் திருப்புகிறவர் முகம் மட்டும் தெரியும். அது எப்போதும் முரளி, பையன்கள் காலேஜ். நல்லவன்தான். ஆனால் "கமான் மென்!" என்று கத்துவான். மென்னாம்!

நான் ஏழாவது, ரிசர்வ். கை குட்டை, குரல் பெரிசு. முரளி வராத நாளில் மூன்று தரம் சுக்கான் பிடித்திருக்கிறேன். அந்த இடம் எனக்கு வேண்டும். வேண்டும், வேண்டும். ஜரினாவிடம் மட்டும் சொன்னேன். முதல் துடுப்பு அவள்தான்.

ஆகஸ்ட் 8. புதன்

சுதந்திர தினப் போட்டிக்கு ஃபாரம் வந்துவிட்டது. ஒரு கட்டத்தில் "ஹெல்ம்ஸ்மேன்". சுக்கான் பிடிக்கிறவர். எங்கள் படகுக்குப் பொறுப்பு லூர்து மிஸ், இங்கிலீஷ் எடுப்பவர். ஜரினா போய் ஓதியிருக்கிறாள் போல. கேட்காமலே என் பெயரை எழுதிவிட்டார். மாதாவே! எனக்குக் காது அடைத்துவிட்டது.

கிளப் செயலாளர் ராமசாமி சார் கண்ணாடியைக் கழற்றினார். "மேன்னு போட்டிருக்கே மிஸ். ஆம்பளைப் பையன்தான் பிடிக்கணும்."

"ஓர்ஸ்மென்னும்தான் போட்டிருக்கு சார். அப்ப துடுப்புப் போடுற ஆறு பொண்ணுங்களையும் இறக்கி விட்டுடலாமா?"

சார் சிரித்தார். அப்புறம் சிரிக்கவில்லை. "வார்த்தையை விடுங்க மிஸ். ஆத்துல இழுப்பு ஜாஸ்தி. பாலத்துத் தூண்ல மோதினா ஏழு வீட்டுக்கும் நான்தான் பதில் சொல்லணும்."

அதுவும் நியாயம்தான். எரிச்சலாகவும் இருக்கிறது. சனிக்கிழமை பரீட்சை. மூன்றாம் தூணைச் சுற்றி வர வேண்டும், முதலில் முரளி, பிறகு நான். சார் கரையிலிருந்து பார்ப்பார்.

ஆகஸ்ட் 9. வியாழன்

லைப்ரரியில் லூர்து மிஸ்ஸோடு ஒரு மணி நேரம். மெட்ராஸ் பேப்பரில் "சேர்பெர்சன்" என்று வந்திருக்கிறதாம்! சேர்மன் போய் சேர்பெர்சன். என்ன ஒரு தைரியம். பட்டியல் போட்டோம்:

மேன் ஒட்டியவை: சீமேன், ஹெல்ம்ஸ்மேன், சேர்மன், ஃபோர்மேன்.
ஒட்டாதவை: கேப்டன், பைலட், லீடர், க்ரூ.

கேப்டன்! கப்பலிலேயே பெரிய ஆள், வாலில் மேன் இல்லை. பஸ்ஸில் தனியாகச் சிரித்தேன். கண்டக்டர் ஒரு மாதிரி பார்த்தார்.

அப்பா திருவெறும்பூர் தொழிற்சாலையில் ஃபோர்மேன். பட்டியலைப் பார்த்துவிட்டு, "இதை மட்டும் மாத்திடாதடி, பிரமோஷன் இப்பத்தான் வந்துச்சு" என்றார்.

ஜரினா: "எங்க அத்தா கப்பல்ல இருந்தப்ப, பிடிக்கிறவருக்குச் சுக்கானின்னுதான் பேராம். நீ பிடிச்சா நீ சுக்கானி. இதுக்கு எதுக்குடி லைப்ரரி?"

ஆகஸ்ட் 11. சனி

எழுத்து கோணல். இருந்தாலும் எழுதணும்.

முரளி சுத்தமாகச் சுற்றி வந்தான். கொஞ்சம் மெதுவு. "லெஃப்ட்! ரைட்!" என்று கத்துவான், துடுப்புப் போடுகிறவர்கள் திரும்பி உட்கார்ந்திருப்பதால் யாருக்கு லெஃப்ட் என்று ஒரு நொடி முழிப்பார்கள். நான் பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

அடுத்து என் முறை. தூணுக்குப் பின்னால் திரும்பும்போது இழுப்பு பிடித்தது. படகு பக்கவாட்டில் தூணை நோக்கிப் போகிறது. பாசி தெரிகிறது. அவர்களுக்குத் தெரியாது. ஆறு ஜோடிக் கண்ணும் என் முகத்தில். சிரித்தேன். ஆமாம், சிரித்தேன்! "ஜரினா, மேரி, வசந்தா, இழுங்க! மத்தவங்க துடுப்பைத் தூக்குங்க!" தூண் பக்கத்துத் துடுப்புகள் அந்த மூன்று பேருடையவை. சுக்கானை மார்போடு அணைத்துக்கொண்டேன்.

ஒரு முழம். அவ்வளவுதான் இடைவெளி.

கரையில் சார் வேட்டி நனைய முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தார். எப்போது இறங்கினார் என்று அவருக்கே தெரியவில்லை. "பாத்தும்மா, பாத்து" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். முரளிதான் முதலில் கை தட்டினான்.

நான் பயந்ததை யாரிடமும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 13. திங்கள்

தூறல். லூர்து மிஸ் கட்டங்களை மாற்றிப் புது ஃபாரம் டைப் அடித்துவிட்டார். ஹெல்ம். க்ரூ. கேப்டன். ஹெல்முக்கு நேராக என் பெயர்: ஸ்டெல்லா. சார் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். "மைக்ல எப்படிம்மா கூப்பிடுறது?" என்று மட்டும் கேட்டார். ஜரினா என்னை முந்திக்கொண்டு அவர் காதில் ஏதோ சொன்னாள்.

காக்கிப் பேண்ட் துவைத்தாயிற்று. காயவில்லை.

ஆகஸ்ட் 15. புதன்

நாலு படகில் மூன்றாவது. பரவாயில்லை! முரளி இப்போது பையன்கள் படகில். எங்களுக்கும் பின்னால் வந்தது அவன் படகு. ஹா!

கிளம்புமுன் ஜரினா சொன்னது: "இன்னைக்கு நெசமாவே சிரி. சனிக்கிழமை சிரிச்சது பொய்."

"தெரியுமா?"

"ஆறு பேருக்கும் தெரியும். உதடு அப்படி ஆடுச்சு."

"தெரிஞ்சுமா இழுத்தீங்க?"

"நீ பேர் சொல்லிக் கூப்பிட்டியே. இழுக்காம என்ன பண்றது?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதற்குள் மைக்கில் ராமசாமி சார் குரல், தொண்டையைச் செருமிக்கொண்டு: "அடுத்து பெண்கள் படகு. சுக்கானி, ஸ்டெல்லா."

ஆறு பேரும் என்னைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார்கள்.