நழுவாத குடம்

2024 ஆகஸ்ட் 7, புதன்

என் மகள் இளவரசிக்கு ஒன்றேகால் வயது ஆகிறது. நடக்கக் கற்றுக்கொண்ட வேகத்தில் இன்று நேராக, மாமனார் காலைத் தொங்கவிட்டு நெய்கிற தறிக்குழியை நோக்கிப் போய்விட்டாள். மாமா டீ குடிக்க எழுந்த இரண்டு நிமிடம். குழிமேல் பலகை போடவில்லை. அடுப்படியிலிருந்து நான் பாய்ந்தது எனக்கே தெரியாது. முதலில் கவுன் கையில் சிக்கியது, அப்புறம் அவள். என் முழங்கையில் தோல் உரிந்துவிட்டது.

"கோலுக்கு நிக்கிறமாரியே புடிச்சியேம்மா!" என்றார் மாமா.

"பலகையப் போடுங்க மாமா! எத்தன தடவ சொல்றது?" என்று கத்திவிட்டேன். பாவம், உடனே எடுத்துப் போட்டார்.

கல்லூரிக் கால்பந்து அணியிலும் பிறகு மாநில அணியிலும் ஐந்து வருடம் கோல்கீப்பர். முழங்கால் போயிற்று, கல்யாணம் ஆயிற்று, பிள்ளையும் வந்தாயிற்று. பந்தைத் தொட்டு எவ்வளவு நாளாகிறது! கை மட்டும் எதையும் மறக்கவில்லை.

ஆகஸ்ட் 19, திங்கள்

கமல் போன் செய்தான். பாப்பா பிறப்பதற்கு முன்னால் ஒரு படத்தில் கதாநாயகிக்குப் பந்தைப் பாய்ந்து பிடிக்கக் கற்றுக்கொடுக்கப் போனேனே, அங்கே உதவி இயக்குநராக இருந்தவன். அந்தப் படத்தில் விளையாட்டு டீச்சராக என்னை ஒரே ஒரு வசனம் பேச வைத்தார்கள். அந்த முகம், இப்போது புதுப் படம் எடுக்கிற டைரக்டர் துர்காதேவி மேடத்துக்குப் பிடித்துவிட்டதாம்.

"அம்மா வேஷம்க்கா. பத்து சீன். ஏரியில பையனப் பறிகொடுக்குற அம்மா. நம்ம ஊர்ப் பக்கம், தாமல் ஏரிக்கரையிலதான் ஷூட்டிங்."

அந்த வேஷத்தைக் கேட்டதுமே பாப்பாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். என் வீட்டுக்காரர் தினகரன் பக்கத்தில் நின்று சரி சரி என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"போ புவனா. கம்பெனில நைட் ஷிப்டு வாங்கிக்கிறேன். பகல்ல பாப்பாவ நான் பாத்துக்கிறேன்."

"அப்ப எப்ப தூங்குவீங்க?"

"அவ தூங்கசொல்ல நானும் தூங்குவேன்."

"அவ எப்பங்க தூங்கியிருக்கா?"

செப்டம்பர் 11, புதன்

முதல் நாள் படப்பிடிப்பு. வீட்டுக்குப் பதினொரு தடவை போன் செய்தேன். எல்லாத் தடவையும் ஒரே கேள்வி: பலகை போட்டீங்களா? கமல் சிரிக்கிறான். சிரிக்கட்டும்.

செப்டம்பர் 13, வெள்ளி

என்ன நாள் இது.

ஏரிக்கரையில் நான் பித்தளைக் குடத்தில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வருகிறேன். எதிரே ஒருவன் ஓடிவந்து, "அக்கா, உன் புள்ள ஏரியில..." என்கிறான். இடுப்பிலிருந்து குடம் நழுவி விழுந்து உருள வேண்டும். அவ்வளவுதான். வசனம்கூடக் கிடையாது.

ஏழு தடவை எடுத்தார்கள். ஒரு தடவைகூடக் குடம் தரையைத் தொடவில்லை. நழுவும் — என் கை கீழே போய் ஏந்திக்கொள்ளும். ஏந்தியதும் அசடு வழிய மேடத்தைப் பார்ப்பேன். முதல் தடவை எல்லாரும் சிரித்தார்கள். ஐந்தாவது தடவை ஒருவரும் சிரிக்கவில்லை.

"புவனா, விட்டுடுங்க. அதான் வேணும்."

"விட்டுட்டேன் மேடம். கைதான்..."

வெளிச்சம் போய்விட்டது. வண்டி ஏறும்போது கமல் தணிந்த குரலில் சொன்னான்: "நாளைக்குக் காலையில இந்த ஷாட் சரியா வரலன்னா, வேற ஆளப் போட்டு ரெண்டு நாள் எடுத்ததையும் திரும்ப எடுக்கலாம்னு மேடம் யோசிக்கிறாங்கக்கா. மெட்ராஸ்ல ஒருத்தங்க ரெடியா இருக்காங்க."

வீட்டுக்கு வந்து சொம்பை வைத்துப் பழகிப் பார்த்தேன். தினகரன் மேலேயிருந்து போடுவார், நான் விட வேண்டும். பிடித்தேன். கரண்டியைப் போட்டார். பிடித்தேன். பாப்பாவுக்கு ஒரே கொண்டாட்டம், கை தட்டுகிறாள். தறியிலிருந்து மாமா எட்டிப் பார்த்தார்: "இன்னாம்மா, பாத்திரக் கடையா வெக்கப்போற?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அரையிறுதியில் ரெண்டு பெனால்டிய புடிச்ச கைதானே இது? இப்ப இதாலேயே எல்லாம் போவுதே.

செப்டம்பர் 14, சனி

நிதானமாக எழுத வேண்டும். ஒன்றையும் விடக் கூடாது.

முதல் தடவையே பிடித்துவிட்டேன். மேடம் பெருமூச்சு விட்டார். இரண்டாவது தடவைக்கு நின்றேன். ஓடிவந்தவன் சொன்னான். குடம் நழுவியது. மறுபடியும் பிடித்தேன்.

பிடித்த அந்த நொடியில்தான் தோன்றியது — இதைப் பிடிக்க முடிந்ததே. பிள்ளையைப் பிடிக்க முடியவில்லையே.

மேடம் பக்கம் திரும்பவே இல்லை. குடத்தைப் பார்த்தேன். ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தவில்லை. கீழே வைக்கவும் தெரியவில்லை, நிமிரவும் தெரியவில்லை. குடத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தறிக்குழியின் விளிம்பு, அந்தக் கவுன், எல்லாம் கண்முன்னால். சத்தமே வரவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. யாரும் கட் சொல்லவில்லை.

மேடம் நடந்து வந்து பக்கத்தில் குந்தினார். அவர் கன்னமெல்லாம் ஈரம்.

"குடம் விழணும்னு எழுதுன என்னச் சொல்லணும்" என்றார். "இதான் சீன். இனிமே மாத்த மாட்டேன்."

ஒளிப்பதிவாளர் முதல் டீ கொடுக்கிறவர்வரை எல்லாரும் கை தட்டினார்கள். இப்படி ஒரு கைதட்டலை மைதானத்தில் கேட்டது. அதற்கப்புறம் இன்றுதான்.

2025 பிப்ரவரி 21, வெள்ளி

பெரிய காஞ்சிபுரத்தில் படத்தின் முதல் காட்சி. மாமா தறிக்கு லீவு விட்டுவிட்டு வெள்ளை வேட்டியில் வந்தார். பக்கத்து வீட்டு ரேணுகாம்பாள் அக்காவும் வந்தார்கள் — "பந்து புடிச்சது போதாதுன்னு சினிமா வேறயா?" என்று தெருவில் கேட்டவர்கள்தான். குடக் காட்சி வந்தது. ரேணுகா அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். இன்னும் வலிக்கிறது!

கடைசியில் திரையில் தனியாக என் பெயர்: புவனேஸ்வரி. பின்வரிசையிலிருந்து ஒரு விசில். திரும்பாமலே தெரிந்துவிட்டது, அது மேரி. ஐந்து வருடம் கோலுக்கு முன்னால் எனக்குக் காவலாக நின்றவள். வேலூரிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறாள், கழுதை.

வெளியே வந்ததும் மாமா சொன்னார்: "நெஞ்சப் புடிச்சிக்கினு குந்திக்கினு இருந்தேம்மா. பலகை போட்டமான்னு அங்கியே நெனப்பு வந்துடுச்சி."

மார்ச் 3, திங்கள்

இந்தப் பத்து நாளில் மூன்று படங்களுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். ஒன்றில் வில்லனின் அக்கா. கத்திக் கத்தி மிரட்ட வேண்டுமாம். கோலில் நின்று பத்துப் பேரை மிரட்டியவளுக்கு அது ஒரு வேலையா?

ஜூலை 9, புதன்

தென்காசி. நான்காவது படம். சாரலில் நனைந்துகொண்டே முழுநாள் வேலை; இன்ஸ்பெக்டர் வேஷம், எல்லாம் ஒரே டேக்.

சாயங்காலம் தினகரன் பேசினார். பாப்பா சொம்பைக் கீழே போட்டு "கட்டு!" என்று கத்துகிறாளாம், தானே கை தட்டிக்கொள்கிறாளாம். மாமா அவளை "டைரக்டரம்மா" என்றுதான் கூப்பிடுகிறாராம். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

போனை வைத்த பிறகுதான் நினைவு வந்தது, பலகையைப் பற்றிக் கேட்கவே இல்லை.

மறுபடி போன் செய்யவில்லை.