இனி வராத மனோரஞ்சித அத்தர்

என் அருமைத் தனத்துக்கு,

நீ நலமா என்று எழுத வருகிறது கை. என்ன செய்ய, பழக்கம். ராயபுரத்தில் நான் சௌக்கியம். முருங்கை இன்னும் காய்க்கிறது, பறிக்கத்தான் ஆளில்லை. உன் வெள்ளைக் கோழி பக்கத்து வீட்டுச் சவரியம்மா அக்காவிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. அதற்கும் இந்த வீட்டில் பொழுது போகவில்லை போலிருக்கிறது.

வருகிற வெள்ளிக்கிழமை உனக்கு முதல் வருஷப் படையல். புடவையும் வளையலும் வாங்கிவிட்டேன். நீ தினமும் பூசிக்கொள்ளும் மனோரஞ்சித அத்தரையும் வைக்க ஆசைப்பட்டு மண்ணடிக்கு நடந்தேன். அதைக் காய்ச்சுகிறவர் காலமாகிவிட்டார், இனி அந்தச் சரக்கு வராது என்றார் கடைக்கார பாய். ஏதோ சீமை சென்ட்டை முகரக் கொடுத்தார். அது உன் வாசனை இல்லை, தனம். கடை வாசலிலேயே அழுதுவிட்டேன்.

உன் பழைய புட்டி எங்காவது கிடக்குமா என்று அக்காவிடம் கேட்டேன். நான் வேலைவிட்டு வரும் நேரத்துக்கு எனக்காகவே பூசிக்கொள்வாள் என்று பெருமை வேறு பேசினேன். நான் வேலை பார்க்கும் தோல் மண்டியில் எத்தனை பேரிடம் இப்படிப் பீற்றிக்கொண்டிருக்கிறேன் தெரியுமா? உன்னை மினுக்கி என்று கேலி செய்ததும் அந்தப் பெருமையில்தான்.

அக்கா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். பிறகு சொன்னாள்:

"உனக்கு மெய்யாலுமே தெரியாதா நைனா? உம்மேல வர்ற தோல் நாத்தம் அதுக்கு ஒத்துக்கல. நீ வர்றத பாத்தா, மூக்காண்ட ஒரு சொட்டு தடவிக்கினு வந்துதான் சோறு போடும். 'அவராண்ட சொல்லிடாதக்கா, மனசு கஷ்டப்படுவாரு'ன்னு எங்கையில சத்தியம் வாங்கிக்கிச்சு."

பதினோரு வருஷம், தனம். உப்புத் தோல் கட்டுகளுக்குக் குறி போட்ட அதே கையோடு, அதே வேட்டியோடு வந்து இலை முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். மண்டியில் எங்கள் யாருக்கும் அந்த நாற்றம் தெரியாது, மூக்கு மரத்துப்போய்விடும். நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? மனோரஞ்சிதப் பூவை முகர்ந்தால் நினைத்த பழத்தின் வாசனை வரும் என்பார்களே. என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நீ எந்தப் பழத்தை நினைத்தாய்?

இப்போதெல்லாம் சாயங்காலம் குழாயடியில் சோப்புப் போட்டுக் குளித்து, வேட்டி மாற்றிக்கொண்டுதான் வாசற்படி ஏறுகிறேன். உள்ளே யாரும் இல்லை. சுத்தமாக உட்கார்ந்து தனியாகச் சாப்பிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை உன் இலை பக்கத்தில் அத்தர் இருக்காது, கோபித்துக்கொள்ளாதே. இரண்டு நாள் முன்னாலிருந்தே மண்டிக்குப் போகமாட்டேன். நன்றாகத் தேய்த்துக் குளித்துவிட்டு வந்து உட்காருவேன். இந்த ஒரு தடவை, மூக்கடியில் ஒன்றும் தடவிக்கொள்ளாமல் கிட்டே வா.

உன் வீட்டுக்காரன்,
ஏகாம்பரம்