எழுதும் முன் வந்த பதில்

அன்றைக்கு நான் உங்களிடம் சொல்லாமல் விட்டது ஒரே வரிதான்: "நானா, அந்தப் பெட்டரி செத்துப் போச்சு."

இன்று காலை கரண்ட் போனபோது, சேர்வருக்குக் கீழிருந்து, கரண்ட் இல்லாதபோது அதைத் தாங்கும் யூ.பி.எஸ். பெட்டி கீச்சிட்டது. இப்போதிருப்பது புதுப் பெட்டரி. இருந்தும் குனிந்து அதன் விளக்கு என்ன நிறம் என்று பார்த்தேன்.

படகுச் சங்கக் கந்தோரில், அண்ணன் முறையில் நானா என்று நான் கூப்பிட்ட உங்கள் மேசையும் என் மேசையும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. கடலுக்குப் போகும் வள்ளங்களின் பதிவுகள் கரையோரத்தின் எல்லாப் படகுத் துறைகளிலிருந்தும் விடியும்போது ஒன்றாக வந்து குவியும். சேர்வர் ஒவ்வொன்றையும் டிஸ்க்கில் எழுதி முடிக்கும்வரை வள்ளம் துறையில் நிற்க வேண்டும். "உங்கட மிசின் எழுதி முடிக்கக்குள்ள மீன் கிழடாப் போயிரும்," என்று பள்ளிவாசல்துறையிலிருந்து போனில் ஏசுவார்கள்.

நீங்கள் ஒரேயொரு அமைப்பை மாற்றினீர்கள். பதிவு, கரண்ட் போனால் அழிந்துவிடும் தற்காலிக நினைவகத்துக்கு வந்ததுமே, டிஸ்க்கில் எழுதும் முன்பே, 'எழுதியாச்சு' என்று சேர்வர் பதில் சொல்லத் தொடங்கியது. காத்திருப்பு இல்லாமல் போனது.

"இடையில கரண்ட் போனா?" என்று கேட்டேன்.

"பெட்டரி இரிக்கிதானே புள்ள. புத்தகம் படிச்சிப் படிச்சே நீங்க பயந்து சாகப் போறீங்க."

கந்தோரே சிரித்தது. நானும் சிரித்தேன். பெட்டியில், பெட்டரி செத்ததைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிவதை அதற்கு முந்தின நாளே பார்த்திருந்தேன். நாளைக்குச் சொல்லலாம் என்றிருந்தேன்.

நாலாம் நாள் நீங்கள் லீவு. விடியற்காலையிலேயே கச்சான் காற்று கூரைத் தகட்டை அறைந்தது. கரண்ட் போனது, பெட்டி ஒரு தரம் கீச்சிட்டு அடங்கியது. கரண்ட் வந்ததும் பட்டியலைத் திறந்தேன். குறை எதுவும் தெரியவில்லை. விடுபட்ட வரி தன் இடத்தில் வெற்றிடம் விட்டுப் போவதில்லை.

பின்னேரம் உங்கள் மனைவி போன் எடுத்தார். "தங்கச்சி, மச்சான்ட வள்ளத்துக்கு ஆள் பத்தல்லண்டு இவரும் போனவர். வந்திட்டாங்களா?"

பட்டியலைப் பார்த்தேன். "அந்த வள்ளம் இண்டைக்கி கடலுக்குப் போகவே இல்ல ராத்தா. காத்துக்கு எங்கயாச்சும் நிண்டிருப்பாங்க."

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார்.

மறுநாள் காலை துறைப் பதிவாளர் வாசலில் வந்து நின்றார். "அந்த வள்ளத்த நான்தானே பதிஞ்சன்! எழுதியாச்சுண்டு வந்திச்சே!" உங்களுடையது கரண்ட் போவதற்குச் சற்று முன் வந்த கடைசிப் பதிவு.

அமைப்பைப் பழையபடி மாற்றிவிட்டேன். மறுபடியும் போனில் ஏசுகிறார்கள். டிஸ்க் எழுதி முடிக்கும்வரை நான் யாரையும் போகச் சொல்வதில்லை.

தேடும் வள்ளங்கள் அன்று பதிவாளர் வந்து சொன்ன பிறகுதான் புறப்பட்டன. ஆலங்குடாவுக்கு அப்பால் உங்கள் வள்ளம் கவிழ்ந்து கிடந்தது. பக்கத்தில் யாரும் இருக்கவில்லை.