பின்சக்கரத்தின் மேலுள்ள நோயாளி இருக்கையை இடம் மாற்றக் கோரி

அனுப்புநர்:
பள்ளிச் சீருடை தைக்கும் தையல்காரி,
கடைசி நிறுத்தத்துக்கு எதிர்வீடு.

பெறுநர்:
கிளை மேலாளர் அவர்கள்,
நகரப் பேருந்துப் பணிமனை.

பொருள்: நோயாளிகளுக்கு ஒதுக்கிய இருக்கையைப் பேருந்தின் நடுப்பகுதிக்கு மாற்றவும், எங்கள் தட நடத்துநருக்குத் தரப்பட்ட மெமோவை ரத்து செய்யவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் பெயின்டர். சென்ற ஆண்டு சாரத்திலிருந்து விழுந்ததில் அவருக்கு முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை நடந்தது. இனி எழுந்து நடப்பது சந்தேகம்தான் என்று உறவினர்கள் பேசிக்கொண்ட நிலையில், பெரிய மருத்துவமனையில் நடைப்பயிற்சி தரும் அம்மா அவரைக் கைப்பிடித்து நடக்க வைத்தார். வாராவாரம் பயிற்சிக்கு வந்தே ஆக வேண்டும் என்பது அவருடைய கண்டிப்பு. எங்களுக்குத் தங்கள் பேருந்தை விட்டால் வேறு கதி இல்லை.

2. நோயாளிகளுக்கான இருக்கை பின்சக்கரத்தின் மேல் அமைந்துள்ளது. சக்கரத்துக்காகத் தளம் மேடாக இருப்பதால் முழங்கால் நெஞ்சை நோக்கி மடங்குகிறது. பஞ்சு எடுக்கப்பட்டு, இப்போது வழுவழுப்பான பிளாஸ்டிக் இருக்கை. அதன் ஆணிகளும் தளர்ந்துள்ளன. வேகத்தடையில் ஏறி இறங்கினால் ஆளையே தூக்கிப் போடுகிறது. வண்டி நிற்கும்போதாவது நிம்மதி உண்டா என்றால், இன்ஜின் அதிர்வு இருக்கை வழியாக முதுகில் ஏறுகிறது. என் கணவர் வலிக்கிறது என்று சொல்லும் ரகம் அல்ல. என் விரல்களை அவர் எவ்வளவு இறுக்குகிறார் என்பதை வைத்தே நான் தெரிந்துகொள்வேன்.

3. மழைக்காலத்தில் ஒருநாள், "எனக்கு வலியெல்லாம் போயிடுச்சும்மா, இனிமே வீட்லயே பயிற்சி பண்ணிக்கிறேன்" என்றார். நானும் மகிழ்ந்து, அவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் போட்டேன். சில வாரங்களில் இடது கால் மறுபடி இழுக்கத் தொடங்கியது. நடக்கும்போது செருப்பு கழன்று பின்னால் தங்கிவிடும், அவருக்குத் தெரியாது. எடுத்துப்போய் மாட்டிவிட்டபடியே, பயிற்சிக்கு வர ஏன் பயம் என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, "பயிற்சிக்குப் பயப்படலம்மா. அந்த சீட்டுக்குத்தான் பயப்படுறேன்" என்றார். சாரத்தின் உச்சியில் நின்று பாட்டுப் பாடியவர், ஐயா.

4. அந்த இருக்கையில் போட, வெட்டி மீந்த துணிகளைத் திணித்து மெத்தை ஒன்று தைத்து, அவரை மறுபடி அழைத்துப்போனேன். பிரேக் போட்டதும் அது அவரையும் சுமந்துகொண்டு வழுக்கியது. "உன் மெத்தை எனக்கு முன்னாடியே இறங்கிடும் போலிருக்கே" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

5. அதைப் பார்த்த நடத்துநர் எங்களிடம் வந்தார். "அண்ணே, இங்க உக்காராதீங்க. ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல வாங்க, அங்க அவ்வளவா தூக்கிப் போடாது" என்றார். நடுவில் உட்கார்ந்திருந்த ஒருவர், கேட்ட மாத்திரத்தில் எழுந்து எங்கள் இருக்கைக்கு மாறிக்கொண்டார். என் கணவருக்குக் கால் தரையில் ஊன்றியது, முதுகு சாய்ந்தது. வேகத்தடை வந்தபோது பழக்கத்தில் என் கையைப் பிடித்தார், பிறகு தானே விட்டுவிட்டார். பாதி வழியில் என் தோளில் தலை சாய்த்துத் தூங்கிப்போனார். விபத்துக்குப் பிறகு அவர் பயணத்தில் தூங்கியது அன்றுதான். அசைந்தால் விழித்துவிடுவாரோ என்று, முகத்தில் விழுந்த முடியைக்கூட நான் ஒதுக்கவில்லை.

அதன்பின் பயிற்சி தடைபடவில்லை. கால் இழுப்பும் குறைந்தது.

6. இரு வாரங்களுக்கு முன் பரிசோதகர் ஏறினார். நோயாளி இருக்கையில் திடகாத்திரமான ஒருவர், நோயாளியோ பொது இருக்கையில். விதியை மீறியதாக நடத்துநருக்கு மெமோ கொடுத்துவிட்டார். நான் குறுக்கிட்டுச் சொன்னதற்கு, "எதுவா இருந்தாலும் ஆபீசுக்கு எழுதிக் குடுங்கம்மா" என்றார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. அவர் தம் வேலையைச் செய்தார். ஆனால் நோயாளி நலனுக்காக உள்ள விதி, நோயாளியைத் தாங்கிய மனிதரையே தண்டிக்கலாமா என்பதைத் தாங்கள்தான் சொல்ல வேண்டும்.

7. அன்றிலிருந்து என் கணவர் நடு இருக்கையில் உட்கார மறுக்கிறார். "அண்ணே, மெமோவ நான் பாத்துக்கறேன், நீங்க உக்காருங்க" என்று நடத்துநரே கெஞ்சியும் கேட்கவில்லை. "என் முதுகுக்காக இன்னொருத்தர் வயித்துல அடிக்கலாமா?" என்று என்னிடம் கேட்டார். மீண்டும் பின்சக்கரத்தின் மேல் உட்கார்ந்து, பற்களைக் கடித்தபடி வருகிறார். சென்ற வாரம் என் விரல்களைப் பிடிப்பதையும் நிறுத்திவிட்டார். எனக்குத் தெரியக் கூடாதாம். வலியை அவர் தனியாகத் தாங்குவதை என்னால் தாங்க முடியவில்லை, ஐயா.

ஆகவே, நோயாளிகள், கர்ப்பிணிகள், முதியோருக்கான இருக்கைகளை இரு சக்கரங்களுக்கும் இடையே மாற்றி, வழுக்காத மெத்தை போட்டு, ஆணிகளை முடுக்கித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். மெத்தைக்கு உறை தைக்க ஆள் தேவையெனில் கூலி வாங்காமல் தைத்துத் தருகிறேன். இருக்கை மாறத் தாமதமாகலாம்; மெமோவை முதலில் ரத்து செய்யுங்கள்.

இன்னொரு வேண்டுகோள். தங்கள் பதிலைத் தயவுசெய்து, தனித்தாளில் இணைத்துள்ள என் கணவர் பெயருக்கே அனுப்புங்கள். நடத்துநர் மேல் குற்றமில்லை என்று நான் சொன்னால், தம்மைத் தேற்றுவதற்காகச் சொல்கிறேன் என்பார். தங்கள் முத்திரையோடு வந்தால் நம்புவார். நடு இருக்கையில் போய் உட்காருவார்.

நல்ல பதிலுக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
பெயின்டரின் மனைவி

இடம்: கடைசி நிறுத்தம்
நாள்: பயிற்சிக்கு முந்தைய தினம், திங்கட்கிழமை