பஸ் யன்னலில் நீ சொன்னது

எடியே, இன்றைக்குப் பல் வைத்தியரிடம் போன இடத்தில் என் மானம் போய்விட்டது. காத்திருக்கும் அறையின் சுவரில் ஒரு தொலைக்காட்சி. படம் ஓடுகிறது, சத்தத்தை அடியோடு நிறுத்தி வைத்திருக்கிறார்கள். யாரோ ஒரு மாமியார் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு மருமகளைப் பார்த்தாள். “ஏன், உன்ரை கொப்பர் வாங்கித் தந்த அலுமாரியோ இது?” என்று என் வாய் தானாகவே வசனம் போட்டுவிட்டது. பக்கத்தில் இருந்த பெண் திடுக்கிட்டுத் திரும்பினாள். வீங்கின கன்னத்தோடு நான் சிரித்தேன். கூடச் சிரிக்க நீ இல்லை என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

யாழ்ப்பாணம் குருநகரில் உங்கள் வீட்டு முன்னறை அப்படியே கண்ணில் நிற்கிறது. கப்பலில் வேலை செய்த உன் அண்ணை கொண்டுவந்த சின்னத் தொலைக்காட்சிப் பெட்டி. அதைச் சுற்றி நாங்கள். கோட்டையில் இருந்து ஆமி ஷெல் அடிக்கத் தொடங்கிய பிறகு உன் அம்மா சத்தத்தைக் கூட்டவே விடமாட்டா. முதல் வெடி கேட்டவுடன் பங்கருக்குள் ஓட வேண்டுமே. “பிள்ளையள், கண்ணை ரீவிக்குக் குடுங்கோ, காதை எனக்குத் தாங்கோ” என்று சொல்லிக்கொண்டு வாசற்படியில் இருப்பா. ஓடின நாடகங்களில் பெரும்பாலானவை சிங்களம். சத்தம் கூட்டினாலும் எங்களுக்கு என்ன விளங்கப்போகிறது? ஆகவே நீ வசனம் போட்டாய். கதாநாயகனுக்குக் கரையில் மீன் ஏலம் கூறுகிறவரின் குரல். கதாநாயகிக்குக் கோயில் பாட்டுக்குழு அக்காவின் மூக்குக் குரல். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு நொந்துபோகும்.

எனக்கோ அந்தப் பெட்டிக்குள் எப்படியாவது புகுந்துவிட வேண்டும் என்ற விசர். வானொலிக்கு ஒன்றிரண்டு நாடகம் எழுதிய துணிவில் தொலைக்காட்சிக்கும் ஒன்று எழுதிக் கொழும்புக்கு அனுப்பினேன். திரும்பி வந்தது. ‘இது வானொலி நாடகம். படமாக எழுத முடியுமென்றால் இன்னும் ஒரு முறை அனுப்புங்கள்’ என்று தயாரிப்பாளர் ஓரத்தில் எழுதியிருந்தார். அந்த ‘இன்னும் ஒரு முறை’ என் நித்திரையைக் கெடுத்தது. அதுவும் பிழைத்தால் கதவு மூடிவிடும் என்று எனக்குப் பட்டது.

நீ என்ன செய்தாய்? பிரதியைப் பறித்து உரத்து வாசித்தாய். “ஐயோ, மழை கொட்டுகிறதே! கையில் குடையுடன் கதவைத் திறந்து வருவது அத்தான், நீங்களா?” வாசித்துவிட்டுப் பாயில் விழுந்து உருண்டாய். “எடி விசரி, அவளுக்கென்ன கண் தெரியாதோ? குடையும் கதவும் எங்களுக்குத் தெரியாதோ?” வானொலி கேட்டே வளர்ந்த எனக்கு, சொல்லாவிட்டால் எதுவும் நடக்காது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. உன்னோடு கதைக்காமல் கொஞ்ச நாள் திரிந்தேன். ஆனால் உங்கள் வீட்டு நாடகத்தை விட மனம் வரவில்லை. பின்னேரமானால் வந்து, உன்னைப் பாராமல், படத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அப்படி ஒரு நாள் நீயாகவே படத்தில் நின்ற கதாநாயகியைக் காட்டி, “இவள் வீட்டை விட்டுப் போகப்போறாள்” என்றாய். கோபத்தை மறந்து, “உனக்கு என்னெண்டு தெரியும்?” என்று கேட்டுவிட்டேன். “செருப்பைப் பாத்தனியே? வாசலிலை வெளிப்பக்கம் பாக்கத் திருப்பி வைச்சிருக்கிறாள்.” ஒரு சொல்லும் கேட்காமல் இவ்வளவு நாளும் எல்லாக் கதையும் எங்களுக்கு விளங்கியிருக்கிறது! இது எப்படி? அன்றையிலிருந்து நான் உன் வசனத்தைக் கேட்பதை விட்டுவிட்டு, நீ எதைப் பார்க்கிறாய் என்று பார்க்கத் தொடங்கினேன்.

நீ சொன்ன மாதிரியே அவள் போனாள். பஸ் யன்னலால் எட்டி, கீழே நின்றவனிடம் ஏதோ சொன்னாள். “என்னை மறந்திடு எண்டவள்” என்றாய் நீ. “இல்லை, காத்திரு எண்டவள்” என்றேன் நான். கூழ் குடிக்கும்போதும் சண்டை. உன் அம்மா இரண்டு பேரையும் ஏசினா.

இரண்டாவது நாடகத்தை அந்த யன்னலில்தான் முடித்தேன். ஒருத்தி பஸ்ஸில் போகிறாள், வழியனுப்ப வந்த சிநேகிதி ஏதோ சொல்கிறாள், இரைச்சலில் கேட்கவில்லை. கொழும்புக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். எடுப்போம் என்றும் சொல்லவில்லை, மாட்டோம் என்றும் சொல்லவில்லை. யாழ்ப்பாண பஸ் நிலையத்துக்கு நீ வந்தாய். பஸ் உறுமத் தொடங்கிய பிறகுதான் யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எதையோ சொன்னாய். “என்னடி?” என்று கத்தினேன். திரும்பவும் சொன்னாய். பஸ் இழுத்துக்கொண்டு போய்விட்டது. நீ சிரித்தபடி நின்றாய்.

தயாரிப்பாளர் கடைசிப் பக்கத்தில் விரலை வைத்தார். “வசனம் விடுபட்டிருக்கே, பிள்ளை. இவ என்ன சொல்லுறா?” கேட்டால் சொல்லலாம் என்று வழியெல்லாம் ஒரு நல்ல வசனம் யோசித்து வைத்திருந்தேன். அது வாயில் வரவில்லை. “எனக்கும் கேக்கேல்லை ஐயா” என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். திரும்ப அந்தப் பக்கத்தைப் பார்த்தார். “சரி, அப்பிடியே எடுப்பம்” என்றார்.

நாடகம் ஒளிபரப்பான அன்று உன் அம்மா முதன்முறையாகச் சத்தத்தை முழுதாகக் கூட்ட விட்டாவாம். அடுத்த முறை நான் ஊருக்கு வந்தபோது வாசலிலேயே பிடித்துக்கொண்டா. “கண்டறியாத நாடகம்! ஆசையா ஒரு நாள் சத்தம் கூட்டினால், நீ பஸ் இரைச்சலை வைச்சிருக்கிறாய்!” நீ உள்ளே நின்று சிரித்தாய். நான் உன்னிடம் கேட்டேன், அன்றைக்கு என்னதான் சொன்னாய் என்று. “நாடகம் எழுதுறவ நீர்தானே, நீரே எழுதும்” என்றாய்.

பிறகு யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லாமல் போனது. சண்டையில் கொழும்புப் பாதை மூடியது. இடம்பெயர்ந்து, அலைந்து, பல வருஷம் கழித்துத்தான் உன் குரலைத் தொலைபேசியில் கேட்டேன். அப்போதும் முதலில் அதைத்தான் கேட்டேன். “சாகேக்கை சொல்லுறன், போடி” என்று சிரித்தாய். பொய்க்காரி. நித்திரையிலேயே போய்விட்டாய், யாருக்கும் ஒன்றும் சொல்லாமல்.

இன்றைக்கும் நான் எழுதி எடுத்த எந்த நாடகத்தையும் முதலில் சத்தத்தை நிறுத்திவிட்டுத்தான் பார்க்கிறேன். செருப்பு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று தேடுகிறேன். எத்தனையோ பேருக்கு எத்தனையோ வசனம் எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்த யன்னலில் உன் உதடு அசைந்ததற்கு மட்டும் ஒன்றும் பொருந்தவில்லை. ‘போயிட்டு வா’வும் இல்லை, ‘மறந்திடாதை’யும் இல்லை, எல்லாம் வைத்துப் பார்த்துவிட்டேன். எடி, என்னதான் சொன்னனி?